எடின்பரோவில் காசு கேட்காத இடங்கள்

1

நான் எடின்பரோ ஸ்டேஷனில் வந்து இறங்கி இன்றோடு பதினான்கு வருஷம் ஆகிறது. அதை இங்கே நினைவில் வைத்திருக்கிறவள் நான் ஒருத்திதான். ஆகையால் கொண்டாட்டத்தையும் நான் ஒருத்தியே நடத்திக்கொண்டேன்: பழைய ரொட்டியைத் தேத்தண்ணீரில் நனைத்துத் தின்றேன். பிறகு பதுளை உபதேசியார் ஐயாவின் கடிதத்தை எடுத்து மறுபடியும் வாசித்தேன்.

கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. அவர் நடத்துகிற சிறிய மாதப் பத்திரிகைக்கு நான் ஏதாவது எழுத வேண்டுமாம். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். ஐரோப்பாவில் பயணம் செய்கிறவர்கள் அதிகச் செலவில்லாமல் கண்டு களிக்கத்தக்க காட்சிகள் எவை, அதைத் தெரியப்படுத்தினால் நம் தோட்டத்து ஜனங்களுக்கு உற்சாகமாயிருக்கும் என்கிறார். ஐயா நல்லவர். ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு மணிக்கு எழுந்து மழையில் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறவர்களில் யார் ஐரோப்பாவுக்குப் பயணம் வரப்போகிறார்கள் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. பண்டாரவளைக்கு வந்து நிற்கிற ரயிலில் ஏறாதவர்களே எங்கள் வரிசை வீட்டு லயத்தில் பாதிப் பேர்.

கடிதத்தின் அடியில் இரண்டு வரி தனியாக இருந்தது. "தங்கள் மகள் எஸ்தரைக் குறித்து மூன்று தோட்டங்களில் விசாரித்தேன். தகவல் கிடைக்கவில்லை. கர்த்தர் பெரியவர்."

கர்த்தர் பெரியவர்தான். ஊவா மாகாணமும் பெரியது.

ஐயா கேட்டதை எழுதுகிறேன். நடுநடுவே கேட்காததும் வரும். வேண்டாமென்றால் வெட்டிவிடட்டும்.

2

முதலாவது, ஒரு மணிப் பீரங்கி. இந்த ஊர்க் கோட்டையின் மேலிருந்து, ஞாயிறு நீங்கலாக, தினமும் பகல் ஒரு மணிக்குப் பீரங்கி வெடிக்கிறார்கள். யாரோடும் சண்டை இல்லை. மணி சரிபார்க்கத்தான். சத்தம் கேட்டதும் கீழே வீதியில் போகிற கனவான்கள் எல்லாரும் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டு நடக்கிறார்கள். இந்தத் தலையாட்டலைப் பார்க்க ஒரு சல்லியும் கொடுக்க வேண்டியதில்லை. வந்த புதிதில் அந்தச் சத்தத்தைப் பெரட்டு மணி என்று நினைத்து நான் துடித்து எழுந்து கூடையைத் தேடினேன். என்னைக் கூட்டிவந்த, எங்கள் தோட்டத்துத் துரையின் மனைவி துரைசாணி அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார்.

இரண்டாவது, கோட்டை வாசலில் காவல் நிற்கிற சிப்பாய். பாவாடை கட்டியிருப்பான். சிரிக்காதீர்கள், இந்தத் தேசத்தில் அது ஆண்பிள்ளை உடுப்பு. பிள்ளைகள் முகத்துக்கு நேரே போய்ப் பழிப்புக் காட்டினாலும் கண் இமைக்கமாட்டான். சுற்றி நின்று எல்லாரும் வியக்கிறார்கள். நான் வியக்கவில்லை. அப்படி நிற்க எனக்கும் தெரியும். பதினேழு வயதில் ஒரு நாள் காலைப் பெரட்டில், மூன்று கால் பெட்டியோடு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு அந்தப் பெட்டிக்குள் குனிந்தார். நிலம் அளக்க வருகிற சர்வே துரைமார் அப்படி ஒரு பெட்டியோடுதான் வருவார்கள். கங்காணி எங்களை வரிசையாக நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"யாரும் ஆடாதீங்க. ஆடினா அளவு பெசகிப்போகும். அப்புறம் லயத்துல ஒரு காம்பிரா கொறஞ்சிருச்சுன்னு எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

காம்பிரா என்பது லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்குகிற ஒற்றை அறை. எங்கள் காம்பிராவில் அப்போது ஏழு பேர். நான் மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்றவர்கள் இருமினார்கள், கொசு அடித்தார்கள், பிள்ளையை இடுப்பு மாற்றினார்கள். அதற்கப்புறம் எங்களுக்குக் காம்பிரா கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மூன்றாவது, காட்சிசாலை. இலவசமாக விடுகிற நாளில் போகவேண்டும். மாடியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நம் நாட்டுச் சிறுத்தை ஒன்று வைக்கோல் அடைத்து நிற்கிறது. ஊரில் அதைக் கண்டால் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவோம். இங்கே அதைத் தேடிக்கொண்டு போய்ப் பார்க்கிறேன். ஊர்க்காரன் ஆயிற்றே.

நாலாவது, செடித்தோட்டத்துக் கண்ணாடி வீடு. இதற்கும் காசில்லை. வெளியே உறைபனி, உள்ளே பதுளை. வாழை, மூங்கில், கமுகு எல்லாம் நீராவிக் குழாய்ச் சூட்டில் வளர்கின்றன. நான் வாழைக்குக் கீழே போய் நிற்பேன். அந்த வாழை இன்றுவரை குலை தள்ளவில்லை. எனக்கு அதன்மேல் ஒரு பரிதாபம் உண்டு. ஊர் மாறி வந்தால் உயிரோடு இருப்பதே பெரிய காரியம் என்று அதனிடம் ஒரு தடவை தமிழில் சொன்னேன்.

3

நான் வந்த கதையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பசறை ரோட்டுத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அம்மா அங்கேயே செத்தாள். மிஷன் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். கல்யாணமாகி ஒரு பெண் பிறந்தது. அவள்தான் எஸ்தர். அவள் பிறந்த வருஷ அடைமழையில் பெரட்டுக் களத்து முருக்கமரம் வேரோடு சாய்ந்தது. காலை மணி அந்த மரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு இரும்புக் கம்பம் நட்டு அதில் மணியைக் கட்டினார்கள். கம்பத்தில் அடித்தால் மணிக்குத் தகர டப்பாவின் சத்தம். எஸ்தர் பேசப் பழகியதும் முதலில் சொன்னது அம்மா அல்ல, டணங் டணங் என்பதுதான்.

அவளுக்கு மூன்று வயதில் அவள் அப்பா காய்ச்சலில் போனார். ஐந்து வயதில் துரைசாணி அம்மாள் கைக்குழந்தையோடு சீமைக்குக் கப்பலேறப் புறப்பட்டார். வழியில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆயா ஒருத்தி வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவள், தனியாள் என்று என்னைச் சொல்லிவிட்டார்கள். ஆறு மாதத்தில் கூடவே திரும்பி வந்துவிடலாம் என்றார் அம்மாள். பொய் சொல்லவில்லை. அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

என் நாத்தனார் பாக்கியம், "போயிட்டு வாங்க அண்ணி, புள்ளைய நான் பாத்துக்கிறேன். ஆறு மாசந்தானே" என்றாள்.

எஸ்தருக்கு மாதக் கணக்குத் தெரியாது. "பொழுதுசாய வந்துருவியாம்மா?" என்று கேட்டாள்.

"வந்துருவேன்" என்றேன்.

வண்டி ஏறுகிற நேரத்தில் வேறு என்ன சொல்வது. பதினான்கு வருஷமாக அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் தினமும் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன்.

ஆறு மாதத்தில் அம்மாளுக்கு உடம்பு சரியில்லை. ஒரு வருஷம் என்றார்கள். இரண்டாம் வருஷம் துரை அங்கே தோட்டத்திலேயே இறந்துபோனார். அதற்கப்புறம் அம்மாளுக்குத் திரும்பிப் போக இடம் எது. கைக்குழந்தையாகக் கூட வந்த சின்னத்துரையை இங்கே அத்தை வீட்டில் விட்டார். வளர்க்க என்னையும் விட்டுவிட்டு, கனடா தேசத்து அண்ணனிடம் போனார். சின்னத்துரைக்கு ஒன்பது வயதாகி, பெட்டியோடு பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்த அன்று, என் கையில் நன்னடத்தைக் கடிதம் ஒன்றைக் கொடுத்தார்கள். நல்ல கனமான தாளில் எழுதியிருந்தது. அதைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன்.

ஊரிலிருந்து முதல் ஏழு வருஷம் கடிதம் வந்தது. அப்போதிருந்த பழைய உபதேசியார் பாக்கியம் சொல்லச் சொல்ல எழுதுவார். எஸ்தருக்குப் பல் விழுந்தது. எஸ்தர் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்துக்குப் போகிறாள். பிறகு அவர் இறந்துவிட்டார். நான் எழுதிய கடிதங்கள் ஒவ்வொன்றாக என்னிடமே திரும்பி வந்தன. தோட்டம் கைமாறிவிட்டது, பாதி லயம் காலி, இந்தப் பெயரில் இங்கே யாருமில்லை என்று கடைசியில் ஆபீசிலிருந்து ஒரு வரி வந்தது.

4

ஐந்தாவது, அலுவலக வாசலில் காத்திருப்பது. இதை ஐயா காட்சி என்று ஒத்துக்கொள்ளாவிட்டாலும் எழுதத்தான் செய்வேன். குளிர்காலத்தில் இதைப்போல ஒரு பொழுதுபோக்கு இல்லை. உள்ளே நெருப்பு எரியும், உட்காரப் பெஞ்சு இருக்கும், எழுந்து போகச் சொல்லமாட்டார்கள். கப்பல் கம்பனிக்காரர், ஏதாவது குடும்பத்தோடு ஆயாவாகப் போனால் ஏற்றிக்கொள்வோம் என்றார். குடும்பக்காரர்கள் இளம்பெண்ணாகத் தேடினார்கள். ஏழைகளைக் கவனிக்கிற அலுவலகத்தில், நீ இந்த ஊரில் பிறந்தவள் அல்லவே, லண்டனுக்கு எழுது என்றார்கள். லண்டனிலிருந்து ஒரு படிவம் வந்தது. அழைத்துவந்த எசமானரின் கையெழுத்து அதில் வேண்டும். எசமானர் பதுளை மண்ணுக்குள் இருக்கிறார். எசமானியம்மாளுக்குக் கனடாவுக்கு அனுப்பினேன். முகவரி மாறிவிட்டது என்று திரும்பி வந்தது. அந்தப் படிவத்தையும் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். தலையணை உயரமாகிக்கொண்டே வருகிறது.

இப்போது ஒரு சலவைக்கூடத்தில் வேலை. பெரிய மனிதர்களின் படுக்கைத் துணிகளைத் தோய்க்கிறோம். சோடா நீரில் நாள் முழுக்கக் கை ஊறி, பழைய வெட்டுக் காயத்து வடு எல்லாம் சிவந்துவிடும். பக்கத்துத் தொட்டி மோராக்குடையது. வடக்கே ஏதோ ஒரு தீவிலிருந்து வந்தவள். அவளுக்கும் இந்த ஊர்ப் பாஷை தாய்ப்பாஷை இல்லை. இரண்டு பேரும் ஒடித்து ஒடித்துத்தான் இங்கிலீஷ் பேசுகிறோம். அவள் பேசுவது என் காதில் நம் லயத்துப் பேச்சாகவே விழுகிறது, அப்படியே எழுதுகிறேன்.

ஆறாவது, போர்ட்டபெல்லோக் கடற்கரை. இதற்கு ட்ராம் வண்டிக்குச் சொற்பக் காசு ஆகும், கடலுக்கு ஆகாது. கோடையில் ஞாயிறு மத்தியானம் அங்கே மணலில் உட்கார்ந்து, இந்தத் தண்ணீர்தான் கொழும்புக்குப் போகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்று வருஷம் அப்படிப் பார்த்த பிறகு மோராக் கேட்டாள்:

"நீ எந்தப் பக்கம் பாக்குறேன்னு தெரியுமா?"

"எங்க ஊருப் பக்கம்."

"இந்தப் பக்கம் போனா நோர்வேதான். உங்க ஊரு முதுகுப் பக்கம் இருக்கு."

அன்றிலிருந்து நான் கடலுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறேன். அங்கே தெரிவது ஒரு பிஸ்கட் கடை.

5

பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சின்னத்துரை ஒன்பது வயதுவரை என் இடுப்பிலும் கைப்பிடியிலும் வளர்ந்தவன். முதலில் பேசியது தமிழ். காய்ச்சல் வந்தால் இங்கிலீஷை மறந்துவிட்டு, "ஆயம்மா, தண்ணி" என்பான். என் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய கதையை எல்லாம் அவனுக்குச் சொன்னேன். சொல்லாமல் வைத்திருந்து என்ன செய்வது.

போன வசந்தகாலத்தில் பூங்காவில் பாண்டு வாத்தியம் கேட்க நின்றேன். ஏழாவது என்று இதையும் சேர்த்துக்கொள்ளலாம், நின்று கேட்டால் காசில்லை, நாற்காலிக்குத்தான் காசு. அவன் சிநேகிதர்களோடு வந்தான். நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டான். என்னைப் பார்த்ததும் மரியாதையாகத் தொப்பியைத் தூக்கினான். நான் தமிழில், "நல்லா இருக்கியாப்பா" என்றேன். அவன் முகம் வெறுமையாக இருந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. மறந்தேபோய்விட்டது. மறுபடியும் ஒரு தடவை தொப்பியைத் தூக்கிவிட்டுப் போனான்.

நான் வளர்த்தவனுக்கு என் பாஷை தெரியவில்லை. நான் பெற்றவளுக்கு என் முகம் தெரியாது. இதை வைத்துக்கொண்டு வாத்தியம் முடியும்வரை நின்று கேட்டேன். நன்றாகத்தான் வாசித்தார்கள்.

6

எட்டாவதும் கடைசியும், மாயவிளக்குப் படம். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமைகளில் எங்களுக்கு அரை நாள் லீவு. மத்தியானத்துக்கு மேல் ஏதாவது ஒரு சபை மண்டபத்தில் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, விளக்குப் பெட்டிக்குள் கண்ணாடிச் சில்லுகளைச் செருகிச் சுவரில் பெரிய பெரிய படமாகக் காட்டுவார்கள். அனுமதி இலவசம், முடிவில் தேநீரும் பன்னும் உண்டு. இந்தக் குளிர்காலத்தில் ஒரு கிழப் பாதிரியார் இலங்கைத் தீவின் காட்சிகள் என்று மண்டபம் மண்டபமாகக் காட்டி வருகிறார். அவர் இலங்கைக்குப் போனதே இல்லை. படங்களை யாரோ கொடுத்தார்களாம்.

முதல் சனிக்கிழமை மோராக்கின் பன் ஆசைக்காகத்தான் போனேன். தென்னைமரம் வந்தது. கோயில் வந்தது. பிறகு பாதிரியார், "பதுளை ஜில்லாவில் தேயிலைக் கூலிகள், காலை அணிவகுப்பு" என்றார்.

சுவரில் எங்கள் பெரட்டுக் களம் நின்றது. பின்னால் நமுனுகுல மலை. வரிசையாக ஆட்கள். ஆனால் எல்லாரும் அசைந்திருக்கிறார்கள், முகத்துக்குப் பதிலாகப் புகைதான் இருந்தது. முன் வரிசையில் ஒரே ஒரு பெண் மட்டும் கல்லில் செதுக்கினதுபோலத் தெளிவாக நின்றாள். பதினெட்டு, பத்தொன்பது இருக்கும். தலையில் மழைக்குப் போட்ட கம்பளிக் கொங்காணி, முதுகில் கூடை. எங்கள் அம்மாவின் தாடை. எங்கள் அம்மாவின் புருவம். அப்பா வழி முகம் அவளிடம் ஒன்றுமில்லை.

எஸ்தருக்குப் பத்தொன்பது வயதாகிறது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "என் புள்ள" என்று தமிழில் சொன்னேன். பிறகு இங்கிலீஷிலும் சொன்னேன். பாதிரியார் சில்லை மாற்றாமல் நிறுத்தினார். மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மோராக் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு எல்லாரும் கை தட்டினார்கள். பதினான்கு வருஷத்தில் இந்த ஊர் என்னைப் பார்த்துக் கை தட்டியது அன்றைக்குத்தான்.

இந்தப் படம் எப்போது எடுத்தது என்று பாதிரியாரைக் கேட்டேன். "சமீபத்தில்தான் இருக்கவேண்டும்" என்றார். அது போதுமாயிருந்தது. உயிரோடு இருக்கிறாள். அதே தோட்டத்தில் இருக்கிறாள். வளர்ந்துவிட்டாள்.

7

அடுத்த சனிக்கிழமை வேறு மண்டபம். பாதிரியார் என்னை வாசலிலேயே கண்டு முன் பெஞ்சில் உட்கார வைத்தார். படம் வந்ததும், "இந்தப் பெண்ணின் தாயார் இன்று நம் நடுவில் இருக்கிறார்" என்றார். நான் எழுந்து நின்றேன். கை தட்டினார்கள். அதற்கு அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. மோராக் தன் பன்னை எனக்குக் கொடுக்க ஆரம்பித்தாள்.

நான் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைக்கு அரை நிமிஷந்தான் காட்டுவார். இரண்டாம் தடவை அவளுடைய இடது கையில் ஒரு துணி சுற்றியிருப்பதைக் கண்டேன். அந்த வாரம் முழுக்கத் தொட்டியருகில் அதே நினைவு. என்னத்தில் வெட்டிக்கொண்டாள். யார் கட்டிவிட்டார்கள். பாக்கியம் கட்டியிருப்பாளா, அல்லது தானே பல்லால் இழுத்துக் கட்டிக்கொண்டாளா. தாய் இல்லாத பிள்ளைக்கு யார் மஞ்சள் பத்துப் போடுவார்கள் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

"ஏன் அழுவுற? கெடச்சிருச்சே" என்றாள் மோராக்.

"கையில அடிபட்டிருக்கு."

"இந்நேரம் ஆறிப்போயிருக்கும். நீ கப்பலுக்கு வழியப் பாரு."

பார்த்தேன். கப்பல் கம்பனிப் பெஞ்சில் மறுபடியும் போய் உட்கார்ந்தேன். மகள் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது என்று சொன்னேன். எழுதுவினைஞர் கூட முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து பார்த்து, "அப்படியா, நல்லது" என்றார்.

8

நாலாம் சனிக்கிழமை போன மண்டபம் சிறியது, கூட்டம் பெரியது. நாங்கள் பிந்திவிட்டோம். பின்னால்தான் இடம் கிடைத்தது. எனக்கு முன்னால் ஒரு சீமாட்டி இறகு செருகிய பெரிய தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். படம் வந்தபோது அந்தத் தொப்பி சரியாக எஸ்தரின் முகத்தை மறைத்தது. இப்படியும் அப்படியும் வளைந்து பார்த்தேன், பயனில்லை. முகம் இல்லாததால் வேறு வழியின்றி மீதிப் படத்தைப் பார்த்தேன்.

ஓரத்தில் மணி தொங்கிக்கொண்டிருந்தது. முருக்கமரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் எனக்கு உறைக்கவில்லை. ஊர் மரத்தைப் பார்த்த சந்தோஷம்தான். பிறகு வருஷக் கணக்குப் போட்டேன். அந்த மரம் எஸ்தர் பிறந்த வருஷம் விழுந்துவிட்டது. அதன் வேர்க்குழியில் மழைத்தண்ணீர் நின்றதையும், நான் வயிற்றுப் பிள்ளையோடு அதைச் சுற்றிக்கொண்டு பெரட்டுக்குப் போனதையும் நான் கண்ணால் கண்டவள். எஸ்தர் அந்த மரத்தைப் பார்த்ததே இல்லை. அவளுக்கு மணி என்றால் இரும்புக் கம்பம்.

சீமாட்டி தலையைச் சாய்த்தார். அந்தப் பெண்ணின் இடது கை தெரிந்தது. நான் என் இடது கையை மடியிலிருந்து தூக்கி, விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே வடு. விறகு வெட்டினபோது பட்டது. பதினேழு வயதில். அந்த மூன்று கால் பெட்டிக்காரர் வந்த கிழமைதான் அது.

அது நிலம் அளக்கிற பெட்டி இல்லை.

என் முகம் எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். எப்படித் தெரியும். எங்கள் லயத்தில் இருந்த கண்ணாடி, பதுளைக் கடைவீதியில் வாங்கிய உள்ளங்கை அகலத் துண்டு. அதில் ஒரு கண் தெரியும், அல்லது பொட்டு வைக்க நெற்றி தெரியும். முழு முகத்தை நான் முதலில் பார்த்தது கப்பலில், இருபத்துநாலு வயதில், ஆயாத் தொப்பியோடு. அதற்கு முந்தின முகத்தை நான் ஒரு நாளும் கண்டதில்லை. நாலு வாரமாக அதைத்தான் பார்த்துப் பார்த்து ஏங்கியிருக்கிறேன்.

கையில் துணியைக் கட்டிவிட்டது அம்மா. மஞ்சள் பத்துப் போட்டுத்தான் கட்டினாள். அந்தப் பிள்ளைக்குக் கட்டிவிட ஆள் இருந்தது.

எஸ்தரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியவில்லை. இருக்கிறாளா என்பதும் தெரியவில்லை. நாலு வாரத்துக்கு முன் இருந்த இடத்திலேயே நிற்கிறேன். ஆனால் அப்போது இவ்வளவு வலிக்கவில்லை.

9

இதை நான் இங்கே ஒருவரிடமும் சொல்லவில்லை. தமிழில் எழுதினால் இந்த ஊரில் வாசிக்க ஆளில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

மோராக்கிடம் சொல்லத்தான் நினைத்தேன். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்த கையோடு அவள் தலைவாரி, உள்ள ஒரே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"வா, நேரமாச்சு. ஒம் புள்ளயப் பாக்கப் போவணும்."

போனேன். இலவசம்தானே. வெளியே வேறு பனி.

உபதேசியார் ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம். முருக்கமரத்தைப் பற்றி எழுதியதை வேண்டுமானால் வெட்டிவிடுங்கள். எஸ்தரைப் பற்றியதை வெட்டவேண்டாம். அடையாளம் கேட்டால், ஐந்து வயதில் முன்பல் சற்றே எடுப்பு, வலது காதில் ஒரு மச்சம், மணிச் சத்தம் கேட்டால் கூடவே டணங் என்பாள். பத்தொன்பது வயதில் எப்படி இருப்பாள் என்று பெற்றவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. நாத்தனார் பேர் பாக்கியம். வெலிமடைப் பக்கமோ, பெரகலைக்குக் கீழேயோ, கொஸ்லந்தைப் பக்கமோ யாராவது அறிந்தால் சொல்லுங்கள். அறியாவிட்டாலும் ஒரு வரி எழுதுங்கள். இல்லை என்று வந்தாலும் அது ஊரிலிருந்து வந்த கடிதந்தான்.

அந்த ஐந்தாம் சனிக்கிழமை மண்டபத்தில் முன் பெஞ்சில் எனக்கு இடம் வைத்திருந்தார்கள். ஜன்னல்களை மூடினார்கள். தென்னைமரம் வந்தது, கோயில் வந்தது, பெரட்டுக் களம் வந்தது. பாதிரியார் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்.

"இந்தப் பெண்ணின் தாயார் இன்று நம் நடுவில் இருக்கிறார்."

மோராக் என் முழங்கையை இடித்தாள். நான் எழுந்து நின்றேன். கை தட்டினார்கள். சுவரில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, காம்பிரா குறைந்துவிடக்கூடாதே என்று அசையாமல் நின்றாள். நானும் அவளுக்கு எதிரே அசையாமல் நின்றேன். அவளுக்கு எஸ்தர் இன்னும் பிறக்கவில்லை. எனக்கு எஸ்தர் எங்கே என்று தெரியவில்லை.

அரை நிமிஷம் ஆனதும் பாதிரியார் சில்லை மாற்றினார். அடுத்து யானைப் படம் வந்தது.